ஒரு பாயிண்ட் இருக்கு சார்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் பட்டாளத்தில் வேலை பார்த்தவராக இருக்க முடியாது. பார்த்திருந்தால் எங்காவது ஒரு முகாமில் கார்மேகத்தைச் சந்தித்திருப்பார். சந்தித்த கையோடு பழமொழியைத் திருத்தியிருப்பார்.

சிவகங்கைப் பக்கத்துக்காரரான கார்மேகம் பதினேழு வருடம் இராணுவத்தில் இருந்துவிட்டு நாயக்காக வெளியே வந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் ஹவில்தார் ஆனார்கள், சிலர் சுபேதாரே ஆனார்கள். இவர் மட்டும் சட்டைக் கையில் இரண்டு பட்டையோடு நின்றுவிட்டார். துப்பாக்கி சுடுவதில் குறையில்லை, ஓட்டத்தில் குறையில்லை. குறை முழுவதும் தர்பாரில் இருந்தது.

தர்பார் என்பது மாதம் ஒருமுறை நடப்பது. யூனிட்டின் பெரிய அதிகாரி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, கடைசியில், "யாருக்காவது ஏதாவது பாயிண்ட் இருக்கிறதா?" என்று கேட்பார். இது கேள்வி அல்ல, பேச்சு முடிந்தது என்கிற அறிவிப்பு. பட்டாளத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் இது விளங்கிவிடும். கார்மேகத்துக்கு விளங்கவில்லை. ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்பவர் அதிகாரி என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை, தெரியாமல்தானே கேட்கிறார்.

பனிமலை முகாம் ஒன்றில் இருந்தபோது அப்படித்தான் எழுந்து, "ஒரு பாயிண்ட் இருக்கு சார். புதுசா வந்த பனி பூட்ஸ் எல்லாமே இடது காலுக்கு" என்றார். அதிகாரி அவருடைய கூர்மையைப் பாராட்டினார். மறுவாரமே கார்மேகத்தை ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மாற்றினார்கள். அங்கே பனி பூட்ஸ் தேவையில்லை என்பதால் பாயிண்ட் தீர்ந்துவிட்டதாகக் கோப்பில் எழுதப்பட்டது. ராஜஸ்தானில் தண்ணீர் லாரி ஓட்டை என்றார். தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத அஸ்ஸாமுக்கு, வெள்ளம் வந்த சமயம் பார்த்து அனுப்பினார்கள். இப்படியே அரசாங்கச் செலவில் இந்தியா முழுவதையும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு பதவி உயர்வுக் குழுவும் அவரைப் பற்றி ஒரே மாதிரி எழுதியது: "நேர்மையானவர், துணிந்தவர், கண்டதை மறைக்காதவர். எனவே உயர்வுக்கு இன்னும் பக்குவப்பட வேண்டும்."

துபாய்க்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அவர் மனைவி வீரம்மாள் அழவில்லை. புத்தி சொன்னாள்.

"ஏங்க, தவள கெடுறது தன் வாயாலதான். அங்கயாவது வாயத் தொறக்காம இருங்க. சூப்பர்வைசர் ஆயிட்டா குடும்ப விசா போடலாம்னு அங்க வேல பாக்குற வீரபாண்டி சொல்றாப்ல. நானும் சந்தியாவும் வந்துருவோம். பட்டாளத்துலயும் உங்கள வருசத்துக்கு ரெண்டு மாசந்தான் பாத்தோம். அவளுக்கு ஒங்க மூஞ்சி போன்லதான் பழக்கம்."

கார்மேகம் மகளைப் பார்த்தார். அவள் அப்பாவின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தொறக்கல" என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதை மனதாரத்தான் கொடுத்தார்.

அவர் சேர்ந்த கம்பெனியின் பெயர் அயர்ன் ஓரிக்ஸ் செக்யூரிட்டி. ஓரிக்ஸ் என்பது இந்தப் பாலைவனத்து மான். மனித வாடை பட்டாலே ஓடிவிடும். காவல் கம்பெனிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அதன் பொது மேலாளர் கர்னல் விஜயபாஸ்கர். இவரும் பட்டாளத்துக்காரர்தான், அதில் பொய்யில்லை. சென்னையில் விமானம் ஏறும்போது கேப்டனாக இருந்தார், துபாயில் இறங்கும்போது கர்னலாக இருந்தார். நான்கு மணி நேரத்தில் இத்தனை வேகமான பதவி உயர்வு எந்த நாட்டு இராணுவத்திலும் கிடையாது.

"இது கம்பெனி இல்ல, ரெஜிமெண்ட்" என்பது அவர் தினமும் சொல்லும் வாக்கியம். துபாயின் அல் குசைஸ் பகுதியில் ஒரு பதினெட்டு மாடிக் குடியிருப்புதான் ரெஜிமெண்டின் தலைமையகம். வாசலில் கார் தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்குபவருக்கு பேரியர் கமாண்டண்ட் என்று பதவி. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்பவர் உளவுப் பிரிவு. ஜூலை வெயிலில் கம்பளித் தொப்பி கட்டாயம். கார் நிறுத்துமிடத்தில் யாராவது இரண்டு கோட்டையும் சேர்த்து வண்டியை நிறுத்திவிட்டால் அதற்கு எல்லை மீறல் என்று பெயர். எல்லை மீறல் நடந்தால் விசில் ஊதி அணிவகுத்துப் போய்க் கண்ணாடியில் சீட்டு ஒட்டிவிட்டு, சல்யூட் அடித்துவிட்டுத் திரும்புவார்கள். எதற்கு சல்யூட் என்று யாரும் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் கார்மேகம் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டார். பட்டாளத்தில் இதைவிடப் பெரியதையெல்லாம் பார்த்தவர். சோதனை, மாதக் கடைசியில் தர்பார் வடிவத்தில் வந்தது.

கர்னல் இராணுவத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் தர்பாரும் ஒன்று. இரண்டாம் பேஸ்மெண்டில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒழுக்கம், தியாகம், ஷூ பாலிஷ் ஆகியவை குறித்து உரையாற்றிவிட்டு, "எனி பாயிண்ட்ஸ்?" என்றார். யாருக்கும் இருக்கவில்லை. ஆண்டு முழுக்க ஒரு பாயிண்ட்கூடச் சொல்லாதவர்களுக்கு மௌன சேவைப் பதக்கம் என்று ஒன்றைக் கம்பெனி கொடுத்துவந்தது. கார்மேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அவருடைய அறைத் தோழன் வீரபாண்டியின் மார்பில் அது மூன்று தொங்கியது.

கார்மேகம் நாக்கைக் கடித்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். வீரம்மாளை நினைத்தார். அதற்குள் கால்கள் எழுந்து நின்றுவிட்டன.

"ஒரு பாயிண்ட் இருக்கு சார்."

கர்னலுக்கு இது புது அனுபவம். "சொல்லு" என்றார்.

"இந்த பேஸ்மெண்டுல ஒரு ஃபயர் எக்ஸிட் கதவு இருக்கு சார். அத மறச்சு ஒரு மேடை கெடக்கு."

"எந்த மேடை?"

"வருசத்துக்கு ஒருநா நீங்க ஏறி நின்னு சல்யூட் வாங்குற மேடை சார்."

அது சாதாரண மேடை அல்ல. சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் பித்தளையில் ஓரிக்ஸ் தலை, தூக்குவதற்கு எட்டு ஆள். ஆண்டு விழாவுக்கு மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாட்களில் அதை எங்கே வைப்பது என்று தேடியபோது, பேஸ்மெண்டில் ஓரிடத்தில் மட்டும் 'இங்கே கார் நிறுத்தக் கூடாது' என்று எழுதியிருந்தது. கம்பெனி சட்டத்தை மதிக்கும் கம்பெனி. அங்கே காரை நிறுத்தவில்லை, மேடையை நிறுத்திவிட்டது.

கர்னல் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தார். குழு இரண்டு வாரம் ஆராய்ந்து, மேடை அதன் இடத்தில் சரியாக இருக்கிறது என்றும், கதவுதான் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டது என்றும் கண்டறிந்தது. மேலும், கதவுக்கு மேலே பச்சை விளக்கில் ஒரு ஆள் ஓடுவதுபோல ஒரு படம் இருப்பது கம்பெனியின் மரபுக்கு இழுக்கு என்று குறிப்பு எழுதியது. அயர்ன் ஓரிக்ஸ் காவலன் ஓடமாட்டான். படத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒருவன் நின்று சல்யூட் அடிக்கும் படத்தை மாட்டினார்கள்.

அடுத்த தர்பாரில் கார்மேகம் மறுபடி எழுந்தார். கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றார்.

இதற்கு கர்னல் கண்ட தீர்வு எளிமையானது. மறுநாள் பெயிண்டர் வந்து கதவுக்குச் சுவரின் சாம்பல் நிறத்தையே பூசிவிட்டுப் போனார். கைப்பிடிக்கும் பூசினார். இனி அந்த இடத்தைச் சுவர் என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று ஆணை வந்தது.

மூன்றாவது தர்பார். வீரபாண்டி அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். "வேணாம்ணே. உக்காருங்கண்ணே. ஒங்க கால்ல விழுறேன்."

"சொவத்துக்குக் கைப்பிடி இருக்கு சார்" என்றார் கார்மேகம்.

கர்னல் கணக்குப் போட்டார். வெளியே அனுப்பினால் இந்த ஆள் வேறெங்காவது போய்ப் பாயிண்ட் சொல்லுவான். உள்ளேயே வைத்துக்கொண்டால் தர்பாரில் சொல்லுவான். ஆழ்ந்து யோசித்து, கார்மேகத்தை அந்தச் சுவருக்கே காவல் போட்டார். பேஸ்மெண்டின் மறுகோடியில் தர்பார் நடக்கும்போதும் சுவரை விட்டு நகரக் கூடாது என்பது நிபந்தனை. அதிலிருந்து தினமும் பன்னிரண்டு மணி நேரம் கார்மேகம் சுவரைக் காத்தார். உலகத்தில் சுவர்தான் காவல் காக்கும், மனிதன் காக்கப்படுவான். அயர்ன் ஓரிக்ஸ் இதைத் தலைகீழாக மாற்றிக் காட்டியது.

பன்னிரண்டு மணி நேரம் சும்மா நிற்க பட்டாளத்துக்காரனால் முடியும், ஆனால் பிடிக்காது. கார்மேகம் மேடைக்குப் பின்னால் உடம்பைக் குறுக்கி நுழைந்து, கதவின் இடுக்கில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சாவியால் சுரண்டினார். கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை மூசா பாயிடம் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து கீல்களுக்கு விட்டார்.

"தலைக்கா தம்பி?" என்று மூசா பாய் கேட்டார். கார்மேகத்தின் தலையில் எண்ணெய்க்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"சொவத்துக்கு பாய்."

மூசா பாய் முப்பது வருடமாக துபாயில் கடை நடத்துபவர். யாரிடமும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார். எண்ணெயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது கர்னல் கார்மேகத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வெல்வெட் பெட்டி திறந்திருந்தது. உள்ளே சூப்பர்வைசருக்கான வெள்ளி நட்சத்திரம்.

"உக்காரு கார்மேகம். நாம ரெண்டு பேரும் சோல்ஜர்ஸ். ஓப்பனா பேசலாம். விழாவுக்கு அர்பாப் வர்றார்." அர்பாப் என்றால் முதலாளி. கட்டடம், கம்பெனி இரண்டுக்கும் சொந்தக்காரரான வயதான அரபி. "ஒவ்வொரு போஸ்டா நடந்து வந்து ரிப்போர்ட் கேப்பார். உன்கிட்டயும் கேப்பார். நீ சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்தை. ஆல் கரெக்ட். சொல்லிட்டா அங்கேயே இந்த ஸ்டார நான் குத்துவேன். மறுநாளே உன் ஃபேமிலி விசா பேப்பர் மூவ் ஆகும்."

கார்மேகம் நட்சத்திரத்தைப் பார்த்தார். "ஆல் கரெக்ட் இல்லையே சார்" என்றார் மெதுவாக.

கர்னல் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஒரு தகப்பனைப்போலப் பேசினார். "உண்மைங்கிறது வெப்பன் மாதிரிய்யா. ஸ்டோர்ல பூட்டி வைக்கணும். வருஷத்துக்கு ஒருநாள் எடுத்துத் தொடச்சு எண்ணெய் போடலாம். சுடக் கூடாது. என்னையே எடுத்துக்கோ. நானும் கொள்கை உள்ளவன்தான். ஆனா அத நான் யார் மேலயும் திணிச்சதில்ல, என் மேலகூட. நான் மட்டும் உண்மையே பேசிட்டிருந்தா இன்னிக்கு வரைக்கும் கேப்டனாவே இருந்திருப்பேன்."

சொன்னது என்ன என்பதை அவர் கவனிக்கவில்லை. கார்மேகம் கவனித்தார். ஆனால் அது கேள்வி இல்லை என்பதால் பதில் சொல்லவில்லை.

அன்று மாலை ஊருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். வீரம்மாள் முழுவதையும் கேட்டாள்.

"ரெண்டே வார்த்தைங்க" என்றாள். "பதினேழு வருசம் பாயிண்டு பாயிண்டா சொன்னீங்க. அந்த எடது காலு பூட்ஸு இப்ப எங்க கெடக்குன்னு யாருக்காவது தெரியுமா? வலது காலு வந்துச்சா? சந்தியா பள்ளிக்கூடத்துல துபாய்க்குப் போறேன்னு சொல்லிப்புட்டா. அவ டீச்சரு எங்கிட்ட வந்து டிசி எப்ப வேணும்னு கேக்குது. எனக்கு உங்க கொள்கையெல்லாம் வேணாம். சாயங்காலமான்னா நீங்க வீட்டுக்கு வரணும், அதான் வேணும்."

தனக்கும் அதுதான் வேண்டும் என்று கார்மேகம் சொன்னார். இந்த முறை சொல்லிவிடுவதாக மறுபடி வாக்குக் கொடுத்தார்.

அறையில் ஒத்திகை தொடங்கியது. வீரபாண்டி அர்பாப்பாக நடந்துவந்து கட்டில் முன்னால் நின்றான். கார்மேகம் விறைப்பாக நின்று, "ஆல்" என்றார். இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி, "ஆல் க" என்றார். விக்கல் வந்தது. வெற்றிலை கொடுக்க வந்த மூசா பாய் வேடிக்கை பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"மனசுல வேற எதையாச்சும் வெச்சுக்கிட்டு சொல்லுங்க தம்பி. மத்தியானம் நம்ம வீட்டுலேருந்து பிரியாணி அனுப்பிச்சேன்ல, அத நெனச்சுக்கிட்டு ஆல் கரெக்ட்னு சொல்லுங்க. பொய்யும் ஆகாது."

கார்மேகம் பிரியாணியை நினைத்தார். வாயைத் திறந்தார். மூடினார். "உப்பு கொஞ்சம் கம்மி பாய்" என்றார்.

"இந்த ஆளுக்கு விசா கெடைக்காது பாய்" என்று வீரபாண்டி மூசா பாயிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

விழா நாள் வந்தது. வெளியே வெயிலில் அர்பாப்பை நிறுத்த முடியாது என்பதால் இரண்டாம் பேஸ்மெண்டிலேயே அணிவகுப்பு. கார்களை அப்புறப்படுத்தி, வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். மேல் மாடிகளிலிருந்து குடும்பங்கள் வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்தன. குழந்தைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அர்பாப்பின் பாதுகாப்பை முன்னிட்டு கார்கள் ஏறும் சரிவுப் பாதையின் இரும்பு ஷட்டர் இறக்கப்பட்டிருந்தது. அதன் ரிமோட் வீரபாண்டியின் பையில். விழாவின் உச்சக் காட்சியாக, பகைவர் கார் நிறுத்துமிடத்தைத் தாக்குவதும் அயர்ன் ஓரிக்ஸ் அதை முறியடிப்பதும் நடிக்கப்படவிருந்தன. அதற்காகக் கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடும் புகைக்கருவிகள் நான்கைக் கொண்டுவந்து லிஃப்ட் வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். புகை வந்தால் அலறி விழாவைக் கெடுக்கும் என்பதால் தீ அலாரத்தை அணைத்துவைத்திருந்தார்கள். ஷட்டரைத் திறந்த பிறகு புகை என்பது நிகழ்ச்சி நிரல்.

கார்மேகம் தன் சுவருக்குப் போனார். போனவர் அப்படியே நின்றார்.

மேடையைக் காணோம். கர்னல் ஏறி நிற்க அதை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டுபோய் நடுவில் வைத்திருந்தார்கள். சுவருக்கு முன்னால், அதாவது கதவுக்கு முன்னால், ஒரு துரும்புகூட இல்லை. ஓர் ஆண்டில் ஒரே ஒரு நாள் அந்த வழி சுத்தமாக இருக்கும் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லலாம். பொய்யில்லாமல் சொல்லலாம். வீரம்மாளும் சந்தியாவும் விமானத்தில் ஏறுவதை அவர் கண்ணால் பார்த்தார்.

அர்பாப் ஒவ்வொரு காவலராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் கர்னல், கையில் வெல்வெட் பெட்டி. கார்மேகத்தின் முன்னால் நின்று, கல்ஃபில் எல்லோருக்கும் பொதுவான அந்த இந்தியில், "இங்கே எப்படி?" என்றார் அர்பாப்.

கார்மேகம் காலை உதைத்து நின்று, கூரை அதிரச் சொன்னார்.

"ஆல் கரெக்ட் சார்."

இருமல் இல்லை, விக்கல் இல்லை. கர்னலின் கண்கள் கலங்கின. பெட்டியைத் திறந்து நட்சத்திரத்தை எடுத்தார். ஊசி சட்டையில் ஏறும் நேரத்தில் கார்மேகம் இன்னும் ஒரு வார்த்தையைச் சேர்த்தார். சேர்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"இப்போதைக்கு."

அர்பாப் புருவத்தைத் தூக்கினார். "இப்போதைக்கு என்றால்?"

அது கேள்வி. கார்மேகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கர்னல் நட்சத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மேடையில் தாவி ஏறி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி விசில் ஊதினார். அது பகைவர் தாக்குவதற்கான விசில். நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரம் கழித்து வர வேண்டிய பகைவர், அதிகாரியின் உத்தரவை மதித்து உடனே தாக்கினார்கள். நான்கு கருவிகளும் ஒரே சமயத்தில் புகையைக் கக்கின.

திறந்தவெளிக் கல்யாணத்தில் மணமகள் நடந்துவர அந்தப் புகை அழகாகத்தான் இருக்கும். கூரை தலையைத் தொடும் பேஸ்மெண்டில், ஷட்டர் மூடியிருக்கும்போது, அது வேறு மாதிரி இருந்தது. ஒரு நிமிடத்தில் லிஃப்ட் மறைந்தது. அடுத்து பக்கத்தில் நிற்பவன் மறைந்தான். குழந்தைகள் முதலில் கைதட்டினார்கள், பிறகு இருமினார்கள், பிறகு அழத் தொடங்கினார்கள். "ஷட்டர், ஷட்டர்" என்று யாரோ கத்தினார்கள். "ரிமோட்டு கீழ விழுந்துருச்சு" என்று வீரபாண்டி தரையில் தவழும் சத்தம் கேட்டது. கூட்டம் மேடையில் மோதியது. பித்தளை ஓரிக்ஸ் தலைகளோடு மேடை சரியும் ஓசை வந்தது.

கார்மேகம் திரும்பி, சுவரை இரண்டு கையாலும் தள்ளினார். தேங்காய் எண்ணெய் போட்ட கீல் முனகக்கூட இல்லை. படிக்கட்டு வெளிச்சம் புகைக்குள் நீளமாக விழுந்தது.

"இங்கிட்டு வாங்க. எல்லாரும் என் சத்தத்தப் பாத்து இங்கிட்டு வாங்க. புள்ளைங்கள முன்னால விடுங்க. யல்லா, யல்லா."

குழந்தைகள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், மூசா பாய் அர்பாப்பின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அயர்ன் ஓரிக்ஸ் காவலர்கள் ஓடியே வந்தார்கள். கதவுக்கு மேலே படத்தில் ஒருவன் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தவிர யாரும் நிற்கவில்லை. எல்லோரும் போன பிறகு கார்மேகம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

புகைக்குள்ளிருந்து கரகரப்பாகப் பதில் வந்தது. "ஆல் கரெக்ட். ஆல் கரெக்ட்."

சரிந்த மேடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட கர்னல்தான். அர்பாப் காதில் விழுந்துவிடக் கூடாதே என்கிற கவலையில் அந்த நிலையிலும் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவரே ஆல் கரெக்டுங்கிறாரு" என்றான் படியில் நின்ற வீரபாண்டி.

"போடா டேய்" என்று சொல்லிவிட்டு கார்மேகம் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். கர்னலின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வெளியே அர்பாப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவர் ஏறி வந்த படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கே சுவர்தானே இருந்தது? கதவு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

கர்னல் தொப்பியைச் சரிசெய்தார். "முன்னறிவிப்பில்லாத தப்பிக்கும் பயிற்சி, சார். ஒரு மாதமாகத் திட்டமிட்டோம். முழு வெற்றி."

அர்பாப் அவரைப் பார்த்தார், கரி படிந்ததுபோல் முகமெல்லாம் பெயிண்ட் தூளோடு நின்ற கார்மேகத்தைப் பார்த்தார். "இவன் அங்கேயே இருக்கட்டும். கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அர்பாப் என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது. கர்னல் அதைத் தண்டனையாகப் புரிந்துகொண்டார். விசாரணைக் குழு மறுபடி கூடியது. முன் அனுமதியின்றிச் சுவரைத் திறந்தது, புகையில் அதிகாரியின் காலைப் பிடித்து இழுத்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். கார்மேகத்தை வாழ்நாள் முழுக்க அதே சுவருக்குக் காவல் போட்டார்கள். வெற்றிகரமான பயிற்சிக்கான தங்கப் பதக்கத்தை கர்னல் தனக்கே குத்திக்கொண்டார். சூப்பர்வைசர் நட்சத்திரம், பகைவர் உள்ளே நுழையாதபடி கடைசிவரை ஷட்டரை மூடியே வைத்திருந்ததற்காக வீரபாண்டிக்குப் போனது.

வீரபாண்டி அன்று அறையில் சாப்பிடவில்லை. "அண்ணே, நான் ரிமோட்டத்தான்ணே தொலச்சேன்" என்றான்.

"அத தர்பார்ல சொல்லு" என்றார் கார்மேகம்.

வீரபாண்டி நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீரம்மாளுக்குப் போன் போட கார்மேகத்துக்கு இரண்டு நாள் ஆனது. சொன்னார். கேட்டுவிட்டு, "அந்த ஒத்த வார்த்தைய முழுங்கியிருக்கலாம்ல" என்றாள். குரல் உடைந்திருந்தது. "டிசி வாங்கி வெச்சுட்டேன்ங்க."

"தப்புத்தான்."

"எத்தன பேரு இருந்தீங்க உள்ள?"

"எரநூறு பேரு இருக்கும். மேல் வீட்டுலேருந்து புள்ளைங்கல்லாம் வந்து முன்னால ஒக்காந்திருந்துச்சுக."

"சந்தியா வயசுப் புள்ளைங்களா?"

"ஆமா."

வீரம்மாள் மகளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வது கேட்டது.

"போன மாசமே விசா கெடைச்சு நாங்க வந்திருந்தா" என்று தொடங்கியவள், வாக்கியத்தை முடிக்கவில்லை. "சரி. சாப்ட்டீங்களா?" என்றாள்.

உடைந்த மேடையைக் குப்பை லாரி எடுத்துக்கொண்டு போனது. அதன்பின் சில வாரங்கள் கதவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. கார்மேகம் தினமும் மனநிறைவோடு ஆல் கரெக்ட் சொன்னார், கூடவே இப்போதைக்கு என்றும் சொன்னார். கீல்களுக்கு எண்ணெய் விட்டார். நடந்ததைப் பார்த்து கம்பெனி பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. பழைய மேடை பலவீனமாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்திருந்தது.

புதிய மேடை ஷார்ஜாவிலிருந்து ஒரு வியாழக்கிழமை லாரியில் வந்தது. இரும்புச் சட்டம், பழையதைப்போல் இரண்டு மடங்கு, தூக்குவதற்குப் பதினாறு ஆள். ஓரிக்ஸ் தலைகள் நான்கு. சூப்பர்வைசர் வீரபாண்டி கார்மேகத்தின் முகத்தைப் பார்க்காமல் கையைக் காட்ட, அதைக் கொண்டுவந்து கார் நிறுத்தக் கூடாத அந்த இடத்தில் இறக்கினார்கள். மறுநாள் தர்பார். தர்பாரிலிருந்து கார்மேகத்தைத் தள்ளிவைக்கத்தான் சுவர்க் காவல் போட்டோம் என்பதை கர்னல் மறந்துவிட்டார் போலும். இந்த முறை நாற்காலிகளைச் சுவரை ஒட்டியே போட்டிருந்தார்கள்.

கார்மேகம் போனை எடுத்தார்.

"புது மேடை வந்துருச்சு" என்றார். "நாளைக்கு தர்பாரு. கடைசில கேப்பாரு."

வீரம்மாள் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. வழக்கமான புத்திமதிக்காக அவர் காத்திருந்தார்.

"எந்திரிச்சு நின்னு சத்தமா சொல்லுங்க" என்றாள் வீரம்மாள். "போன தடவ அவுக காதுல விழல போல."